விண்ணோக்கியின் சில்லும் வீட்டு முகப்பும்

தலைமையேற்றிருக்கும் பெரியவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, கோயில் காரியக்காரர்களே, கண்டனூரிலிருந்தும் கோட்டையூரிலிருந்தும் வெயிலில் வந்திருக்கும் ஆச்சிமார்களே, வணக்கம்.

விண்வெளித் தொலைநோக்கியின் சமிக்ஞைகளை அலசும் சில்லை, அதாவது சிப்பை, எப்படித் தேர்வது என்பது இன்றைய தலைப்பு. கதிர்வீச்சு, மின்செலவு, காலம் என மூன்றையும் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்; மூன்றுக்கும் அளவுகோல் அதுதான்.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மையக் கணினி 118 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவது. உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அதைவிடப் பல மடங்கு விரைவானது. ஆனால் அங்கே அண்டக்கதிர் ஒன்று பாய்ந்தால், நினைவகத்தில் 0 இருந்த இடம் 1 ஆகிவிடும். செய்தபின்னும் சுற்றை மாற்றி எழுதக்கூடிய எஸ்ரேம் வகை எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் சுற்றின் அமைப்பே நினைவகத்தில் எழுதப்பட்டிருப்பதால், ஒரு பிட் புரண்டால் கணக்கு மட்டுமன்று, கணக்குப்போடும் சுற்றே மாறிப்போகக்கூடும். அதற்கு மருந்து, ஒரே சுற்றை மூன்றாக அமைத்துப் பெரும்பான்மை விடையை ஏற்பது.

இது எங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அத்தையின் திருமணத்தில் வளவில் பரப்பிய சாமான்களை எண்ண, மூன்று பேரை மூன்று நோட்டுகளோடு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராதபடி மூன்று தூண்களுக்குப் பின்னால் உட்காரவைத்தார். இருவர் குத்துவிளக்கு 14 என்றார்கள். 30 ஆண்டு அனுபவமுள்ள பெரிய கணக்கப்பிள்ளை 13 என்றார். அவர் கோபித்துக்கொண்டு பந்திக்கே எழவில்லை. "ரெண்டு பேர் சொன்னதுதான் கணக்கு, இவுகளுக்கு எலையப் போட்டு வைங்க" என்று அப்பத்தா முடித்துவிட்டார். பிறகு பார்த்தால், பதினான்காவது விளக்கு அவர் சாய்ந்திருந்த தூணுக்கு மறுபுறமே நின்றது.

ஆனால் மூன்று நோட்டுக்கு மூன்று சம்பளம். மூன்று சுற்றுக்கு மின்சாரமும் அப்படியே. ஆகவேதான் வெப் தொலைநோக்கியில் அகச்சிவப்பு உணரிகளின் அருகே, உறைகுளிரில், அந்த வேலைக்கென்றே வார்த்த ஏசிக் சில்லை வைத்தார்கள். மின்செலவும் வெப்பமும் குறைவு. செய்தபின் சுற்றைத் திருத்த வழியில்லை. எஸ்ரேம் எஃப்.பி.ஜி.ஏ.வையோ தரையிலிருந்தே மாற்றி எழுதலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

காலத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு வேண்டுகோள். மொகாலியில் 180 நானோமீட்டர் முறையில் ஏவூர்திகளுக்கென வார்த்த விக்ரம் 3201 செயலி 2025 செப்டம்பரில் வெளிவந்தபோது கைதட்டிய நம் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பழக ஓர் எஃப்.பி.ஜி.ஏ. பலகை உண்டா? 1948இல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தந்த ஊர் இந்தக் காரைக்குடி. நான் ஏக்கர் கேட்கவில்லை. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கும் வீடுகளின் முகப்பை மட்டும் கேட்கிறேன். நான்கு மேசை, நான்கு பலகை, சுற்றமைப்பைத் தமிழில் சொல்லித்தர ஒருவர். இதுவும் விரலுக்குத் தகுந்த வீக்கந்தான். பங்காளிகள் 17 பேரும் கையொப்பமிட்டால் எங்கள் வீட்டு முகப்பைத் தை மாதத்துக்குள் திறந்துவிடலாம். 16 பேர் போட்டுவிட்டார்கள். பதினேழாமவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.