எடை பார்த்த அறை

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். மெல்பேர்ணிலோ விக்டோரியாவின் வேறு ஊர்களிலோ பிள்ளை வளர்த்த எவருக்கும், நகரசபையின் தாய்சேய் நலத் தாதியிடம் கைக்குழந்தையைக் கொண்டுசென்ற நினைவு இருக்கும். தாதி வீட்டுக்கு வரும் முதல் நாளிலிருந்து குழந்தைக்கு மூன்றரை வயதாகும் வரை பத்துச் சந்திப்புகள் உண்டு. எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் குறிக்கப்பட்ட அந்தப் புத்தகத்தைப் பிள்ளை பல்கலைக்கழகம் போன பின்பும் அலுமாரியில் வைத்திருக்கும் தாய்மாரை நான் அறிவேன். இன்று இந்தச் சந்திப்புகள் பல இடங்களில் பாலர் பள்ளியும் நூலகமும் சேர்ந்த புதிய கட்டடங்களில் நடைபெறுகின்றன. அதற்கு முன்பு அவை நடந்த, பூங்கா ஓரத்திலோ நகர மண்டபத்துக்கு அருகிலோ வீடு போலவே தோற்றம் காட்டி நிற்கும் சிறிய செங்கற் கட்டடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். “இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். கட்டடத்தின் பெறுமதி உள்ளே இருக்கிறது என்பது என் கட்சி.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில், இந்த நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 100 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. கோடையில் பரவும் வயிற்றோட்டமே பெரிய யமனாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் வெப்பத்தில் கெட்ட பாலும், சரியாகக் கழுவ முடியாத போத்தல்களும் அதற்குத் துணைபோயின. 1914இல் சிட்னியின் அலெக்ஸாண்ட்ரியாவிலும், 1917இல் மெல்பேர்ணின் ரிச்மண்டிலும் குழந்தை நல நிலையங்கள் தொடங்கப்பட்டன. ரிச்மண்டில் முதல் தாதியாகப் பணியாற்றியவர் மியூரியல் பெக். அங்கு இந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் மருத்துவர் இசபெல்லா யங்கர் ரோஸும் ஒருவர். ஆரம்பத்தில் இரவல் அறைகளில் நடந்த வேலைக்கு, பெண்கள் குழுக்கள் பணம் திரட்டியும் நகரசபைகளை விடாது நச்சரித்தும் தனிக் கட்டடங்களைப் பெற்றார்கள். 1930களின் முடிவில் சிசு மரணம் 1,000க்கு 40க்கும் கீழே இறங்கியிருந்தது. அதற்கு இந்த நிலையங்கள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. சுத்தமான பால், சாக்கடை வசதி, சிறிதாகிய குடும்பங்கள் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

கட்டடத்துக்கு வருவோம். ஏன் அதை ஆசுபத்திரி போலக் கட்டாமல் வீடு போலக் கட்டினார்கள்? அங்கே வந்தது நோயாளிகள் அல்ல. சுகமாக இருக்கும் குழந்தையைச் சுகமாகவே வைத்திருப்பதற்காகத் தாய்மார் வந்தார்கள். ஓட்டுக் கூரையும் சாளரத் திரைச்சீலையும் “பயப்படாமல் வா” என்று அவர்களை அழைத்தன. முன்புறம் தள்ளுவண்டிக்கான சரிவுப்பாதையும், வண்டிகளை வெயிலும் மழையும் படாமல் நிறுத்திவைக்க ஒரு தாழ்வாரமும் இருந்தன. இந்தச் சரிவுப்பாதையைப் பற்றி நான் எங்கே பேசினாலும் சற்று நீட்டிப் பேசுவேன், பொறுத்தருள வேண்டும். சக்கர நாற்காலிக்காகப் பொதுக் கட்டடங்களில் சரிவுப்பாதை அமைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, சக்கரத்தோடு வருபவருக்காகப் படியை விலக்கிய பொதுக் கட்டடம் இது. அதைக் கட்டிய நகரசபையில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். ஆனாலும் வாசலின் அகலத்தைத் தீர்மானித்தது ஒரு தாயின் தள்ளுவண்டி. நான் பார்த்த ஒரு நிலையத்தில், தள்ளுவண்டிச் சக்கரங்கள் ஏறி இறங்கிய இடத்தில் மட்டும் சீமெந்தின் விளிம்பு மழுங்கி, கையால் தடவினால் வழவழவென்று இருந்தது. அந்தத் தேய்வை எந்தக் கட்டடக் கலைஞரும் வரைபடத்தில் போட்டிருக்க முடியாது.

உள்ளே காத்திருப்பு அறை, தாதியின் அறை, எடை பார்க்கும் இடம், அதை ஒட்டி ஒரு சிறு மறைவிடம் எனப் பகுதிகள் பிரிந்திருக்கும். அந்த மறைவிடத்தில் குழந்தையைப் பால் குடிப்பதற்கு முன் ஒருமுறையும் குடித்தபின் ஒருமுறையும் தராசில் இட்டு, எவ்வளவு குடித்தது என்று கணக்கிடுவார்கள். அந்தக் காலத்து விதி, நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் பரப்பிய நான்கு மணி நேர ஒழுங்கு: மணி அடித்தால்தான் பால், இரவில் பால் இல்லை. எனக்குப் பழக்கமான மூதாட்டி ஒருவர், தம் முதல் மகனைக் கொண்டுவந்த நாட்களைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். குழந்தை வழியெல்லாம் வீரிட்டழும். இவர் பூங்காவின் மரத்தடியில் அமர்ந்து பாலூட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். “எத்தனை மணிக்குக் கடைசியாகக் கொடுத்தீர்கள்?” என்று தாதி கேட்டால், மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு நான்கு மணி நேரத்துக்கு முன்பு என்பார். மறைவிடத்தில் குழந்தை அரைத் துளியும் குடிக்காது. தராசு நகராது. தாதி அவரை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, அட்டையில் “நன்கு வளர்கிறான்” என்று எழுதினாராம். விதியும் அந்த விதியை மெல்ல வளைத்த மனிதரும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதை அந்த மறைவிடத்தைப் பார்க்காமல் எப்படிப் புரிந்துகொள்வது?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த அக்கறையின் பின்னால், வெள்ளையர் தொகை பெருக வேண்டும் என்ற அரசியல் இருந்தது. 1912இல் வந்த மகப்பேற்றுக் கொடுப்பனவுச் சட்டம் பிரசவத்துக்கு ஐந்து பவுண் கொடுத்தது. ஆசியப் பெண்களுக்கும் ஆதிக்குடிப் பெண்களுக்கும் அது இல்லை என்று அந்தச் சட்டமே சொன்னது. அந்தக் காலத்தில் எழும்பிய கட்டடங்களின் வாசலில் பின்னாளில் நம் பெண்கள் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அவற்றின் வரலாற்றில் இதுவும் எழுதப்பட வேண்டும்.

1979இல் தென் அவுஸ்திரேலியாவின் பரா நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மரபிடப் பாதுகாப்புச் சாசனம், ஓர் இடத்தின் பெறுமதியை அழகால் மட்டுமன்றி வரலாற்றாலும் சமூகப் பிணைப்பாலும் அளக்கச் சொல்கிறது. ஆனால் நடைமுறை வேறு. விக்டோரியாவில் இத்தகைய சிறு கட்டடங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் உள்ளூர்த் திட்டமிடல் விதியின் கீழ் வரும் மரபுரிமை மேலடுக்குத்தான் (heritage overlay); குறித்த கட்டடத்தை இடிக்கவோ வெளித்தோற்றத்தை மாற்றவோ நகரசபையிடம் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு அது. அதன் அட்டவணையில் தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய, உட்புறத்தை மாற்ற அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகவே முகப்பு பத்திரமாக நிற்க, உள்ளே மறைவிடமும் எடை அறையும் இடிக்கப்பட்டு ஒரே மண்டபமாகிவிடலாம். எல்லாம் சட்டப்படியே நடந்ததாகவும் இருக்கும். இங்கேதான் நமது கவனம் வேண்டும்.

வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். எப்படி மறுபயன்பாடு செய்வது என்று விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். இரண்டே வார்த்தைகளில் முடிக்கிறேன். உங்கள் புறநகரில் இப்படி ஒரு கட்டடம் இருந்தால், அதன் மேலடுக்கு அட்டவணையில் உட்புறக் கட்டுப்பாடு உண்டா என்று நகரசபையிடம் கேளுங்கள். இல்லையென்றால், சேர்க்கும்படி எழுத்தில் கோருங்கள். மாநில மரபுரிமைப் பதிவேட்டுக்குப் பரிந்துரைக்க எவருக்கும் உரிமை உண்டு. உள்ளே எடுத்த பழைய படம் உங்களிடம் இருந்தால், உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். சுவர் எங்கே இருந்தது என்று காட்டச் சில வேளைகளில் அந்தப் படம் மட்டும்தான் மிஞ்சும். நன்றி, வணக்கம்.