ஷிம் சொங்கின் விலை

அவைத் தலைவர் அவர்களுக்கும், இளையோர் இலக்கியத்துக்கென்று ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வந்திருக்கும் வாசகர்களுக்கும் வணக்கம். பழங்கதைகளை இளைஞர்களுக்காக மறுபடி எழுதுவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பத்து நூல்களின் பெயர்களை அடுக்கிவிட்டு அமர்வதைவிட, ஒரே நாவலை எடுத்துக்கொண்டு அதன் மூலக்கதையோடு உரசிப் பார்ப்பதே பயன் தரும் என்று கருதுகிறேன். கொரிய அமெரிக்க எழுத்தாளரான ஆக்ஸி ஓ 2022இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி கேர்ள் ஹூ ஃபெல் பினீத் த சீ' என்பதே அந்த நாவல். அது கிளைத்தெழுந்த வேர், கொரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் படித்தும் வந்த ஷிம் சொங்கின் கதை.

அந்தக் கதையைப் 'பான்சோரி' என்னும் கலைவடிவில்தான் கேட்க வேண்டும். கையில் விசிறியோடு நிற்கும் ஒரே பாடகர், பாட்டும் வசனமுமாகக் கதையை நடத்திச் செல்ல, பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒரே முழவுக்காரர் தாளத்தோடு நிற்காமல், நம் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதைப் போல இடையிடையே குரல் கொடுத்து ஊக்குவார். பன்னிரண்டாக இருந்த பான்சோரிக் கதைகளில் முழுமையாகப் பிழைத்திருப்பவை ஐந்தே. அவற்றுள் ஷிம் சொங்கின் கதை ஒன்று. யுனெஸ்கோ 2003இல் இக்கலையை மனித குலத்தின் அரிய வாய்மொழி மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

கதை இதுதான். ஹ்வாங்ஜு என்னும் ஊரில் கண்பார்வையற்ற ஷிம் ஹாக்-கியூவுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. பிறந்த ஏழாம் நாளே தாய் இறந்துபோகிறாள். தட்டுத்தடுமாறி வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்ற பெண்களிடம் பாலுக்குக் கையேந்தியே தந்தை அவளை வளர்க்கிறார். ஒருநாள் அவர் ஓடையில் விழுந்துவிட, காப்பாற்றிய துறவி, புத்தருக்கு 300 சொக் அரிசி காணிக்கை செலுத்தினால் பார்வை திரும்பும் என்கிறார். ஒருவேளைச் சோற்றுக்கே அல்லாடும் மனிதர் சற்றும் யோசியாமல் வாக்குக் கொடுத்துவிடுகிறார். பிற்கால அளவைப்படி ஒரு சொக் என்பது ஏறத்தாழ 180 லிட்டர். அப்படியானால் அவர் வாய்விட்டது 54,000 லிட்டர் அரிசி! அந்த நேரத்தில்தான் இந்தாங்சு என்னும் ஆபத்தான கடற்பகுதியைக் கடக்க வேண்டிய சீனத்து நான்கிங் நகர வணிகர்கள், கடலுக்குப் பலியிடப் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தியைத் தேடி வருகிறார்கள். ஷிம் சொங் அந்த அரிசிக்குத் தன்னையே விற்றுவிடுகிறாள்.

புறப்படும் நாள் காலையில் நடப்பதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். உண்மையை மறைத்துவிட்டுத் தந்தைக்குச் சோறு படைக்கிறாள். அவர் அன்று வழக்கத்துக்கு மாறாகப் பல தொடுகறிகள் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, எந்த வீட்டில் விசேஷம் என்று கேட்டுக்கொண்டே ருசித்துச் சாப்பிடுகிறார். நீ ஒரு பெரிய வண்டியிலேறி எங்கோ போவதாக இரவு கனவு கண்டேன், அது நல்ல சகுனம்தான், உன்னைப் பெரிய வீட்டார் அழைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கனவுக்குப் பலனும் சொல்கிறார். அருகில் நிற்கும் மகளுக்குத் தெரியும், அது மரண வண்டி என்று. ஊரின் பெரிய இடத்துச் சீமாட்டி ஒருத்தி செய்தி கேட்டுப் பதறி, அந்த 300 சொக்கையும் தானே தருவதாகச் சொல்லும்போது, வணிகர்களிடம் கொடுத்த வாக்கை இனி மீற முடியாது என்று ஷிம் சொங் மறுத்துவிடுகிறாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு அவள் பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டு கடலில் குதிக்கிறாள், கடலரசன் காப்பாற்றித் தாமரைப் பூவில் வைத்து மேலே அனுப்புகிறான், பேரரசனுக்கு மனைவியாகிறாள், நாட்டிலுள்ள பார்வையற்றோர் அனைவருக்கும் விருந்து வைத்துத் தந்தையைக் கண்டுபிடிக்கிறாள். மகளின் குரல் கேட்ட அதிர்ச்சியில் அவர் கண்கள் திறக்கின்றன. விருந்துக்கு வந்தவர் அனைவருக்கும் கூடவே பார்வை வந்துவிடுகிறது. இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு: அரிசி உரிய காலத்தில் விகாரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் கண் மட்டும் திறக்கவில்லை. கொடுத்த விலைக்குச் சரக்கு வரவில்லை. தந்தைப்பற்றின் புகழ்ப்பாட்டாக இக்கதையைப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த ஓட்டையை மூடப் பார்த்தாலும், பாடகர்கள் அதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

ஆக்ஸி ஓ கை வைப்பது வேறோரிடத்தில். அவர் நாவலில் நூறாண்டுகளாகப் புயலும் வெள்ளமும் ஓயாத ஒரு நிலத்தில், ஆண்டுக்கொரு பெண்ணைக் கடல்தேவனின் மணமகளாக அலையில் தள்ளுகிறார்கள். இந்த ஆண்டு போக வேண்டியவள் ஊரறிந்த அழகியான ஷிம் சொங். அவளைக் காதலிக்கும் ஜூன், விதியை மீறிப் படகில் ஏறிவிடுகிறான். அவனுடைய தங்கை, பதினாறு வயது மீனா, அண்ணனைக் காப்பாற்ற ஷிம் சொங்குக்குப் பதிலாகத் தானே குதித்துவிடுகிறாள். ஒரு நாவலுக்கு இதைவிடத் துணிச்சலான தொடக்கம் இல்லை என்பேன். காவிய நாயகியை முதல் அத்தியாயத்திலேயே கரைக்கு அனுப்பிவிட்டு, யாரும் அழைக்காத ஒருத்தியை ஆசிரியர் கீழே இறக்குகிறார். மூலத்தில் கடலில் விழுவது கீழ்ப்படிதல். இங்கே அது மீறல்.

ஆவிகளின் உலகில் மீனா காண்பது சினம் கொண்ட தேவனை அல்ல, மந்திரத் துயிலில் கிடக்கும் ஓர் இளைஞனை. கையிலிருந்து நீண்டு, இணைய வேண்டியவர்களைக் கட்டும் விதியின் செந்நூல், ஷின் என்னும் பிரபு, காகிதப் படகுகளில் மனிதர் எழுதி மிதக்கவிட்ட வேண்டுதல்கள் என்று கற்பனை தாராளமாக விரிகிறது. வரலாற்றுப் புனைவு என்று சொல்ல இதில் ஆண்டுக்கணக்கு கிடையாது. உடையும் கூரையும் அரண்மனை முறைகளுமே பழங்கொரியாவை நிறுத்துகின்றன. அது போதும். தேவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்று ஒரு சிறுமி அவர்கள் முகத்துக்கு நேரே கேட்கும் கேள்விதான் நூலின் முதுகெலும்பு. ஊரார் பலி கொடுத்தார்கள், தேவர் உறங்கினார், இதில் குற்றவாளி யார் என்று மூலக்கதை ஒருபோதும் கேட்டதில்லை.

ஆனால் இந்த லாபத்துக்கு ஆசிரியர் கொடுத்த விலையும் சின்னதல்ல. பார்வையற்ற தந்தை நாவலின் மையத்தை விட்டு நகர்ந்துவிட்டார். அவரோடு அந்த அரிசிக் கணக்கும், பசியும், வாய்த்துடுக்கில் கொடுத்த வாக்கும், காலைச் சோறும் போய்விட்டன. புயலை நிறுத்தப் பெண்ணைக் கொடுப்பது புராணத்தன்மை கொண்டது. அரிசி கொடுத்துப் பெண்ணை வாங்குவது அப்பட்டமான சந்தை. முன்னதில் சாபம் தீர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். பின்னதில் வாங்கியவரும் விற்றவரும் அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்பார்கள். இளையோருக்கு எழுதுகிறோம் என்பதற்காகச் சந்தையை எடுத்துவிட்டுக் காதலை வைப்பது இவ்வகை நாவல்களில் வழக்கமாகிவிட்டது. பதினைந்து வயதுக்காரர்களுக்குப் பணத்தின் கணக்கு புரியாது என்று நினைப்பவர்கள், அந்த வயதில் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இதே கதையைத் தொட்ட மற்றவர்கள் அந்தக் கணக்கை விடவில்லை. கொரிய எழுத்தாளர் சே மான்-சிக் 1936இல் எழுதிய நாடகத்தில் மகள் திரும்பி வருவதே இல்லை. பார்வை பெற்ற தந்தை, தன் கண்ணுக்கு ஈடாகப் போனது எது என்று அறிந்ததும் அந்தக் கண்களைத் தானே அழித்துக்கொள்கிறார். ஹ்வாங் சொக்-யோங் 2003இல் வெளியிட்ட நாவலில், விற்கப்பட்ட பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிழக்காசியத் துறைமுகங்களில் உடல் வணிகத்தில் கைமாறிப் போகிறாள். இசைவாணர் யுன் இ-சாங் இக்கதையை ஆபரா என்னும் மேலை இசை நாடகமாக்க, 1972 மியூனிக் ஒலிம்பிக்கையொட்டி அது அந்நகரில் அரங்கேறியது. ஒரே கதை இத்தனை பேரையும் தாங்கும் என்றால், மீனாவையும் தாராளமாகத் தாங்கும்.

இந்நாவலைத் தமிழுக்குக் கொண்டுவர எண்ணும் பதிப்பாளர் இந்த அவையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். நான்கே பக்கத்தில் பழங்கதையை முன்னால் வைத்துவிட்டுப் பிறகு நாவலைத் தொடங்குங்கள், அந்தக் காலைச் சோற்றையும் விட்டுவிடாமல். கொரிய வாசகருக்கு ஷிம் சொங் என்ற பெயரைக் கேட்டதுமே அவள்தான் குதிக்கப் போகிறாள் என்று தெரியும். மீனா முந்திக்கொள்ளும்போது அவர் திடுக்கிடுவது அதனால்தான். நம் பிள்ளைகளுக்கு அந்த முன்னறிவு இல்லாவிட்டால், அந்த இடத்தில் இரண்டு பெண்களில் ஒருத்தி குதித்தாள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தோன்றாது.