கழிச்சா மைனஸ் வருது: விர்ச்சுவல் மெஷினுக்குள்ள பின்னோக்கிப் போற நேரம்

[திரை: டெர்மினல். ஒரு பேனிக் செய்தி, கீழே பேக்ட்ரேஸ்.]

நல்லா ஓடிட்டிருந்த சர்வர் புரோகிராம் திடீர்னு கிராஷ் ஆகுது. பேக்ட்ரேஸ், அதாவது எங்க உடைஞ்சதுன்னு சொல்ற பட்டியல், காட்டுற வரியில இருக்கிறது வெறும் கழித்தல்: இப்போதைய நேரத்துல இருந்து ஆரம்ப நேரத்தைக் கழிக்கிறாங்க. இது உடையணும்னா, முடிவு ஆரம்பத்துக்கு முன்னாடி வந்திருக்கணும்.

ரஸ்ட் மொழியில இது நிஜமாவே நடந்தது. அதோட 'இன்ஸ்டன்ட்' பின்னால போகாத கடிகாரம். ஆனா 1.60 பதிப்புக்கு முன்னாடி, கழிச்சு மைனஸ் வந்தா பேனிக்தான், அதாவது ஓட்டம் அங்கேயே முறிஞ்சிடும்.

[திரை: இரண்டு கோர், இரண்டு கவுண்டர்.]

எக்ஸ்86 பிராசஸர்ல ஒவ்வொரு கோருக்கும் டிஎஸ்சி-னு ஒரு கவுண்டர் உண்டு. அந்த எண்ணைத்தான் கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) நேனோசெகண்டா மாத்துது. விர்ச்சுவல் மெஷின்ல (ஒரு மெஷினுக்குள்ள ஓடுற போலி மெஷின், இதுதான் கெஸ்ட்), அதை நடத்துற ஹைப்பர்வைசர் அந்த எண்ணோட ஒரு ஆஃப்செட்டைக் (வித்தியாசத்தை) கூட்டிக் கொடுக்குது. லினக்ஸோட கேவிஎம் ஹைப்பர்வைசர் தர்ற கேவிஎம்-கிளாக் இன்னும் ஒரு படி மேல: ஹோஸ்ட் (கெஸ்ட்டைத் தாங்குற நிஜ மெஷின்) தன் நேரத்தையும், அந்தக் கணத்து டிஎஸ்சி எண்ணையும் ஒரு மெமரி பக்கத்துல எழுதி வைக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு ஓடியிருக்குன்னு கெஸ்ட் கணக்குப் போட்டுக்கும்.

எல்லா கோரும் ஒத்துப்போகுதுன்னு ஹோஸ்ட் ஒரு கொடி காட்டினா, கெஸ்ட் அதை அப்படியே நம்பும். கொடி இல்லன்னா, கடைசியா கொடுத்த நேரத்தைவிடக் குறைவா கொடுக்காது. ஆபத்து எங்கன்னா, கொடி இருந்தும் கவுண்டர்கள் விலகியிருக்கும்போதுதான். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பி, சமையலறைக் கடிகாரத்துல முடிவைப் பார்க்கிற மாதிரி.

[திரை: கட்டளைகள் ஒவ்வொன்றாக.]

சரி, எங்க தேடணும்? முதல்ல, உங்க புரோகிராம் எந்தக் கடிகாரத்தைப் படிக்குதுன்னு பாருங்க. ரியல்டைம் கடிகாரம், அதாவது தேதியும் மணியும் காட்டுறது, பின்னால போறது சகஜம். மெஷினை நிறுத்தி எழுப்பினப்புறம், நேரத்தை ஒத்துப்பார்க்கிற கிரோனி புரோகிராம் அதைச் சரிபண்ணினாலே போதும். 2017 ஜனவரி 1 அன்னைக்கு லீப் செகண்ட்ல (கூடுதலா சேர்த்த ஒரு நொடி) கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தோட டிஎன்எஸ் சேவை தடுமாறினதும் இதனாலதான். அதை எழுதின கோ மொழியில மோனோடோனிக் நேரம் (பின்னால போகாத நேரம்) அப்போ இல்ல, 1.9 பதிப்புலதான் வந்தது.

மோனோடோனிக்கே பின்னால போகுதுன்னா, விஷயம் கர்னலுக்குக் கீழ இருக்கு. டிமெசேஜ் கட்டளை காட்டுற கர்னல் செய்திகள்ல 'டிஎஸ்சி அன்ஸ்டேபிள்' வரி இருக்கான்னு தேடுங்க. இப்போ ஓடுற கிளாக்சோர்ஸ் (கர்னல் நேரத்துக்கு நம்புற கவுண்டர்) எதுன்னு குறிச்சுக்கோங்க. ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் நுழையுற பூட்டுக்குள்ள (lock) நேரத்தைப் படிச்சு, முந்தைய நேரத்தோட ஒப்பிடுற சின்ன புரோகிராமைப் பல த்ரெட்டுல ஓட விடுங்க. அதையே டாஸ்க்செட் கட்டளை வெச்சு ஒரே கோர்ல ஓட்டும்போது பிழை மறைஞ்சா, விலகல் கோர்களுக்கு நடுவுலன்னு சந்தேகம் உறுதியாகுது.

பிறகு கிளாக்சோர்ஸை ஏசிபிஐ பிஎம்-ங்கிற வேற டைமருக்கு மாத்துங்க. மெதுவாத்தான் இருக்கும், சோதனைக்கு மட்டும் போதும். பிழை நின்னுட்டா, அந்த ஆதாரத்தோட ஹோஸ்ட்டைப் பார்த்துக்கிறவங்ககிட்ட போங்க. கெஸ்ட்டுக்குள்ள இருந்து இதைத் தீர்க்க முடியாது.

[திரை: ரஸ்ட் 1.60, ஏப்ரல் 2022.]

ரஸ்ட் குழு 1.60-ல மைனஸைப் பூஜ்யமா ஆக்கிட்டாங்க. சரியான முடிவுன்னுதான் நினைக்கிறேன், ஒரு நேனோசெகண்டுக்காக சர்வர் சாகக்கூடாது. ஆனா கடிகாரம் இன்னும் சரியாகல, கிராஷ் மட்டும்தான் நின்னிருக்கு. அதனால முக்கியமான இடத்துல 'செக்டு டியூரேஷன் சின்ஸ்' (checked_duration_since) போட்டு, மைனஸுக்குப் பதிலா 'நன்' (None) வரும்போதெல்லாம் பதிவுல (log) எழுதி வைங்க.