வெயில் இனாம், அடுப்பு இனாமில்லை

எல்லோருக்கும் வணக்கம். சூரிய அடுப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வெயிலில் தொடங்குவது வழக்கம். நான் விறகில் தொடங்குகிறேன்.

சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் காயவைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள். காசு கைமாறாததால் அதற்கு விலையே இல்லை என்று நினைக்கிறோம். மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் சூட்டில் பானையில் சேருவது நூற்றுக்குப் பத்து, பதினைந்துதான். பத்துச் சுமை சுமந்தால் எட்டுக்கு மேல் வீணாகச் சுமந்ததுதான். அந்த நேரம், கழுத்துவலி, நெஞ்சில் இறங்கிய புகை எல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் செலவு.

அப்படியானால், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயில் சூட்டில் சமைக்கும் பெட்டி அடுப்பை ஏன் வாங்குவதில்லை? சில ஆயிரம் ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். விறகு மிச்சமானால் கையில் ரூபாய் சேராது. போட்ட முதலை எதிலிருந்து எடுப்பது? அரை சதுர மீட்டர் கண்ணாடியில் உச்சி வெயிலில் விழுவது சுமார் 500 வாட். பானைக்குப் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவு. அதனால் வெயில் நேரத்தில்தான் வேகும், அதுவும் மெதுவாகத்தான். கூலி வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை சமைக்கிறார்கள். பெட்டி பரணில் ஏறிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, கணக்கு எங்கே நேராகிறது? எரிபொருளைக் காசு கொடுத்து வாங்கும் இடத்தில், நண்பகலில், நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும்போது. ஆரோவில்லின் சூரியச் சமையலறையை 1997-இல் கட்டினார்கள். கூரையில் வெயிலைக் குவிக்கும், 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம்; அதன் சூட்டில் நீராவி எடுத்து ஆயிரம் பேர் அளவுக்குச் சமைக்கலாம். மேகமூட்டத்துக்கு டீசல் கொதிகலனும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் பராமரிக்கும் செலவைச் சேர்த்துத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

சத்துணவுக் கூடங்களில் வைக்கலாமே என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பள்ளி மூடியிருக்கும். வாரக் கடைசியிலும் அடுப்பு சும்மா கிடக்கும். போட்ட பணம் திரும்பும் காலம் அவ்வளவுக்கு நீளும். கோயில் அன்னதானத்துக்கும் மருத்துவமனைச் சமையலுக்கும் விடுமுறை கிடையாது. அரசு முதல் போடுவதானால் அங்கே தொடங்கட்டும். முள் சுமக்கும் வீட்டுக்கு, சிலிண்டர் தீரும்போது அடுத்ததை வாங்கக் கைப்பணம் கிடைக்க வழி செய்யட்டும். 2016-இல் வந்த உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்பைக் கொடுத்தது. மறு சிலிண்டருக்குப் பணம் புரளாத வீடு மறுபடி முள்வெட்டத்தான் போகிறது.