எடி வான் ஹேலனுக்கு 70ஆவது இடமா? கிட்டார் ரேங்கிங் சண்டை

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பாடம் கிடையாது. கிட்டார் மடியில் இருக்கிறது, நடுவே ஒன்றிரண்டு இடத்தில் வாசித்துக் காட்டுகிறேன், மற்றபடி முழுக்கப் பேச்சுதான். ராக் கிட்டாரில் யார் பெரிய ஆள் என்கிற அந்தப் பழைய சண்டை. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் பேண்டின் கிட்டார்காரர் எடி வான் ஹேலனிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2003இல் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 100 கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. எடிக்கு அதில் 70ஆவது இடம். 2011இல் அதே பத்திரிகை புதிதாக ஒரு பட்டியல் போட்டது, எடி 8. அப்புறம் 2023இல் 250 பேருக்குப் பெரிய பட்டியல், அதில் 4. சரி, இந்த இடைவெளியில் மனிதர் என்ன செய்தார்? 2012இல் ஒரு ஆல்பம் வந்தது. ஆனால் 70இலிருந்து 8க்குத் தாவியது அதற்கு முந்தைய வருடமே! 2020இல் இறந்தும் போய்விட்டார். அவரைப் பெரிய ஆளாக்கியது 1978இல் வந்த முதல் ஆல்பம். அதில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை.

இதற்கு நேர் எதிராக நிர்வாணா பேண்டின் கர்ட் கோபைன். 2003இல் அவருக்கு 12. 2011இல் 73. அவர் 1994லேயே போய்விட்டார், கெடுத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பே இல்லை. எட்டு வருடத்தில் இரண்டு பேரும் கிட்டத்தட்ட நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. 2003 பட்டியலைத் தேர்ந்தெடுத்தவர் டேவிட் ஃப்ரிக் என்ற ஒரே எழுத்தாளர். கோபைன் போன்றவர்களின் கரடுமுரடான ராக்கான க்ரன்ஜ், அந்தத் தொண்ணூறுகளின் அலை ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேகமாக வாசித்தாலே அலட்டல் என்று முகம் சுளித்த காலம் அது. 2011இல் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இசைக்கலைஞர்கள். தன் விரல் வலித்தவனுக்குத்தான் எடியின் விரல் என்ன செய்கிறது என்று தெரியும். 2023இல் பத்திரிகையின் ஆட்களே உட்கார்ந்து போட்டார்கள். சுத்தமாக வாசிப்பவரைவிடப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். ஆக, நடுவர் மாறினார், மார்க்கும் மாறியது.

இங்கே இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறோம் என்பது என் கட்சி. யாருக்குக் கை அதிகம் ஓடும் என்பது ஒன்று. யார் வந்த பிறகு கிட்டார் வேறு மாதிரி ஆனது என்பது இன்னொன்று. முதல் கேள்வி வீண். இன்றைக்கு வீட்டு அறையில் உட்கார்ந்து வாசித்து வீடியோ போடுகிற பதினைந்து வயதுப் பிள்ளைகள் அறுபதுகளின் முக்கால்வாசிப் பேரை வேகத்தில் தின்றுவிடுவார்கள். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அந்த ஆளை வரலாற்றிலிருந்து உருவி எடுத்துவிடுங்கள். எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மூன்று பட்டியலிலும் முதலிடம். இதில் எனக்குத் தகராறு இல்லை, வேகமாகக் கடந்துவிடுகிறேன். வலது கைக்காரர்களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து இடது கையால் வாசித்தவர். ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கி, வீறிட்டால் மற்றவர்கள் ஓடிப்போய்க் குறைப்பார்கள். இவர் அந்த வீறிடலையே பாட்டாக்கினார். வாழ்ந்தது 27 வருடம். போதும், அடுத்தது.

எடிக்குச் சோதனை வைப்போம். 'இரப்ஷன்' என்ற அந்தத் தனி வாசிப்பு இரண்டு நிமிடம்கூட ஓடாது. வலது கை விரலையும் ஃப்ரெட்போர்டில், அதாவது மற்றக் கை கம்பியை அழுத்துகிற கழுத்துப் பகுதியில், கொண்டுவந்து தட்டுகிற டேப்பிங் அதில் வருகிறது. "அதை ஜெனிசிஸ் பேண்டின் ஸ்டீவ் ஹாக்கெட் 1971லேயே செய்துவிட்டார்" என்று யாராவது சொல்வீர்கள். செய்தார், உண்மை. ஆனால் ஹாக்கெட்டைக் கேட்டுவிட்டு ஊரே டேப்பிங் பழகக் கிளம்பவில்லை. எடியைக் கேட்டுவிட்டுக் கிளம்பியது. எண்பதுகளின் மெட்டல் பேண்டுகளில் பாதி அங்கிருந்து வந்தவைதான். மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டில் வருகிற சோலோவும் எடிதான், அதற்குக் காசுகூட வாங்கவில்லை. 70ஆவது இடம் என்பது அநியாயம். 4 சரி.

இப்போது என் ஆள். டோனி ஐயோமி, பிளாக் சபாத். 2003இல் 86, 2011இல் 25. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ரேங்கிங்கைவிடப் பெரிய கதை.

ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். ஐயோமிக்குப் பதினேழு வயது, தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்குக் கடைசி நாள், அதன் பிறகு முழுநேர இசை. இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துவிட்டது. அவர் இடது கைக்காரர். அதாவது வலது கைதான் ஃப்ரெட்டை அழுத்துகிற கை. கதை முடிந்தது என்று அவரே நினைத்தபோது தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாராம். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கியும் வாசித்த ஜாஸ் மேதை ஜாங்கோ.

ஐயோமி என்ன செய்தார்? பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி வடித்து, மேலே தோல் துண்டை ஒட்டினார். தோல் இல்லாவிட்டால் கம்பியில் வழுக்கும். கம்பி தொடுகிற உணர்வு விரலுக்குத் தெரியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். சாதாரண கம்பியை வளைத்தால் வலி, அதனால் மெல்லிய கம்பிகள். அது போதாமல் 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு ட்யூனிங்கை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு நிம்மதி. சத்தம்? பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு மெட்டல் என்று கேட்கிற அத்தனையிலும் அந்த இறங்கின கனம் இருக்கிறது.

1970இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். மூன்றே ஸ்வரம். (வாசிக்கிறார்) கீழே ஜி, மேலே ஜி, அப்புறம் சி ஷார்ப். நம் கணக்கில் ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமத்தில் நிற்கிறது. நம் காதுக்குப் பிரதி மத்யமம் இதமான ஸ்வரம், கல்யாணியில் தினமும் கேட்கிறோம். அங்கே பஞ்சமம் வரவேண்டிய இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. இதை வாசிக்க இரண்டு விரல் போதும், வேகம் தேவையே இல்லை. ஐயோமியை உருவி எடுங்கள், ஒரு முழு இசை வகையே சரியும். 86ஆவது இடமாம்!

அடுத்த வழக்கு, ரிதம் கிட்டார். எந்தப் பட்டியலானாலும் சோலோ வாசிப்பவர்தான் மேலே வருவார், பாட்டைத் தூக்கி நிறுத்துகிறவர் கீழேதான். கீத் ரிச்சர்ட்ஸ் விதிவிலக்கு. ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்ட், பத்திரிகையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. ஆறாவது கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டார். மிச்சம் ஐந்தை ஜி, டி, ஜி, பி, டி என்று ட்யூன் செய்தார். ச-ப-ச-க-ப. இதோ, ஏற்கெனவே அப்படித்தான் வைத்திருக்கிறேன். (எதையும் அழுத்தாமல் அடிக்கிறார்) பாருங்கள், எதையும் பிடிக்காமலே முழு மேஜர் கார்டு வருகிறது. இப்போது ஒரு விரலை ஐந்தாவது ஃப்ரெட்டில் படுக்க வைக்கிறேன். மற்ற இரண்டு விரல்களை வைத்து வைத்து எடுக்கிறேன். (வாசிக்கிறார்) கேட்கிறதா? அவ்வளவுதான், 'ஸ்டார்ட் மீ அப்' காலத்து ஸ்டோன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வைத்து எடுக்கிற அந்த நேரக்கணக்கில்தான் ஆளே இருக்கிறார். விரல் எனக்கும் வைக்கத் தெரியும், அந்தத் தாமதம் வராது.

2023 பட்டியலில் ஏழாவதாக நைல் ராட்ஜர்ஸ் வந்தபோது ராக் ரசிகர்கள் கொதித்தார்கள். டிஸ்கோக்காரர் எப்படி இங்கே என்று. டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 1983. தயாரித்தவர் ராட்ஜர்ஸ், ரிதம் கிட்டாரும் அவர்தான். லீட் வாசித்தவர் ஸ்டீவி ரே வான். டெக்சஸ் ப்ளூஸ் புயல், 2003 பட்டியலில் ஏழாவது. ஒரே பாட்டில் இருவரும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டு நினைவுக்கு வந்தால் உங்கள் வாய் எதை முணுமுணுக்கிறது? சோலோவையா, அந்த வெட்டி வெட்டி விழுகிற கார்டுகளையா? எனக்குக் கார்டுதான். ஏழாவது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றும், ஆனால் வெளியே தள்ளுகிறவர்களோடு நான் இல்லை.

ஆறாவது இடத்துக்கு வருவோம். சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 2003 பட்டியலில் இல்லை, 2011இலும் இல்லை, 2023இல் நேராக ஆறு. "சமத்துவத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் முதலில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோவைப் பார்க்க வேண்டும். 1964, மான்செஸ்டர். கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தை கிரனாடா டிவி அமெரிக்கத் தென்மாநில ஸ்டேஷன் மாதிரி ஜோடித்திருக்கிறது. ஒரு பிளாட்பாரத்தில் மேடை, எதிர் பிளாட்பாரத்தில் ரசிகர்கள், நடுவில் தண்டவாளம். மழை. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் அம்மா, கனத்த கோட்டு, வயது 49. வெள்ளை கிப்சன் கிட்டாரை மாட்டிக்கொள்கிறார். மழை பெய்ததே என்று பாடுகிற ஒரு காஸ்பல் பாட்டை, அதாவது கறுப்பின தேவாலயப் பாட்டை, எடுக்கிறார், பொருத்தமாக. நடுவில் ஒரு சோலோ வருகிறது. கம்பியை வளைப்பதும், ஒரே ஸ்வரத்தைக் குத்திக் குத்தி எடுப்பதும், தோரணையும் எல்லாம் ராக் அண்ட் ரோல். இதை அவர் நாற்பதுகளிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். ராக் அண்ட் ரோலின் முன்னோடி என்கிற சக் பெர்ரி முதல் ரெக்கார்டு போட்டது 1955இல். அந்த இசையின் பெரியவர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சக் பெர்ரி 1986இல் முதல் அணியிலேயே உள்ளே போய்விட்டார். தார்ப்பை உள்ளே விட 2018 ஆனது. அவர் இறந்து 45 வருடம் கழித்து.

சக் பெர்ரியைக் குறைத்துச் சொல்லவில்லை. இவர் இல்லாமல் கீத்தும் இல்லை, பீட்டில்ஸும் இல்லை. 'ஜானி பி. குட்' ஆரம்பத்தில் வருகிற அந்தப் புகழ்பெற்ற கிட்டார் துண்டுகூட 1946இல் லூயிஸ் ஜோர்டனின் ஒரு பாட்டில் கார்ல் ஹோகன் வாசித்ததுதான். ஹோகன் பெயரை யார் சொல்கிறார்கள்? ஆரம்பித்தவரைத் தேடிக்கொண்டே போனால் முடிவே கிடையாது, எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

இங்கிலாந்தின் ப்ளூஸ் ராக் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன். 2003இல் 4, 2011இல் 2, 2023இல் 35. இந்தச் சறுக்கல் எனக்கு ஒப்புதல் இல்லை. எழுபதுகளுக்குப் பிறகு அவர் வாசித்ததில் பாதி எனக்குத் தூக்கம் வரவழைக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1966இல் ப்ளூஸ் பாடகர் ஜான் மேயாலோடு போட்ட ஆல்பத்தைக் கேளுங்கள். கிப்சன் லெஸ் பால், மார்ஷல் ஆம்ப், சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டு வாசிப்பது. அந்த லெஸ் பாலைச் செய்வதையே கிப்சன் நிறுத்தி வைத்திருந்த நேரம். 1968இல் மறுபடி செய்ய ஆரம்பித்தது. ராக் கிட்டார் என்றதும் நம் மனதில் கேட்கிற தடித்த குரல் அங்கே உருவானது. என் சோதனையில் இவர் முதல் பத்தில் பாஸ்.

ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். இங்கிலாந்துக் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லின். எழுபதுகளில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, பிறகு சக்தி என்ற குழு. எல். சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபலா. மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணையில் மெழுகு மேட்டின் மேல் மெட்டு (வீணையின் ஃப்ரெட்) நிற்பதால் தந்தியை இழுத்துக் கமகம் வரவழைக்க இடம் கிடைக்கும். கிட்டாரில் அந்த இடம் இல்லை. அதனால் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கட்டையைக் குழிவாகச் செதுக்கிய கிட்டார் ஒன்றைச் செய்ய வைத்தார், ஒலித்துளைக்குக் குறுக்கே தனியாகச் சுருதித் தந்திகளோடு. ராக் பட்டியலில் இவருக்கு எந்த எண் கொடுத்தாலும் அது பொருந்தாது.

சரி, "உன் பட்டியல் எங்கே?" என்பீர்கள். எண் போட மாட்டேன். ஹெண்ட்ரிக்ஸ், தார்ப், சக் பெர்ரி, ஐயோமி, எடி, கீத், கிளாப்டன். ஜெஃப் பெக் வேண்டும், கம்பியை மீட்டுகிற சின்னத் தகடான பிக்கை வீசிவிட்டு வெறும் விரலால் கிட்டாரைப் பேச வைத்தவர். ஜோனி மிட்சல் வேண்டும், சின்ன வயதில் வந்த போலியோவால் இடது கை பலவீனமாகி, தனக்கென்று ட்யூனிங்குகள் செய்துகொண்டவர். பி.பி. கிங் வேண்டும், விளக்கமே தேவையில்லை.

பத்து முடிந்துவிட்டது. ஜிம்மி பேஜ் எங்கே என்று இப்போதே அடிக்க வருகிறீர்கள், தெரிகிறது. லெட் செப்பலின் ஆல்பங்கள் எல்லாவற்றையும் தயாரித்தவர் பேஜ்தான். ஒரே பாட்டில் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்குவதில் மன்னன். அவரை நான் ப்ரொட்யூசர்கள் வரிசையில் மேலே வைப்பேன், கிட்டார் வரிசையில் பதினொன்றாவதாக. இதற்குக் காரணம் சொல்லத் தனி வீடியோ போடுகிறேன், திட்டுவதை அதுவரை தள்ளி வையுங்கள்.