கூகுள் ஸ்காலர்ல 41, ஸ்கோப்பஸ்ல 26: ஒரே டாக்டருக்கு ரெண்டு ஹெச்-இண்டெக்ஸ் எப்படி?

அடுத்த கேள்வி, டி.எம். கார்டியாலஜி (இதய மருத்துவ மேற்படிப்பு) முடிக்கப்போற ஒரு டாக்டர் அனுப்பியிருக்காங்க. "பிஎச்.டி.க்கு ஒரு சீனியர் கார்டியாலஜிஸ்ட்டை கைடா வச்சுக்கலாம்னு இருக்கேன். அவரோட சி.வி.யில 380 பப்ளிகேஷன்னு இருக்கு. பப்மெட்ல தேடினா 140தான் வருது. கூகுள் ஸ்காலர்ல ஹெச்-இண்டெக்ஸ் 41, ஸ்கோப்பஸ்ல 26. எதை நம்புறது? இந்த ரெக்கார்டை எப்படிப் படிக்கிறது? 'ஸ்டான்ஃபோர்டு 2 சதவீத' லிஸ்ட்ல இருக்காரான்னும் பார்க்கணுமா?"

நாலு எண்ணுமே உண்மையா இருக்கலாங்க. ஒவ்வொண்ணும் வேற வேற சரக்கை எண்ணுது, அவ்வளவுதான். பப்மெட், ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர் மூணும் ஆராய்ச்சி பேப்பரைத் தேடுற தளங்கள். ஒரு பேப்பரை இன்னொரு பேப்பர் மேற்கோள் காட்டினா அது ஒரு சைட்டேஷன். பேப்பர் எண்ணிக்கையையும் சைட்டேஷனையும் சேர்த்துச் சொல்ற ஒரு எண்தான் ஹெச்-இண்டெக்ஸ், அதோட கணக்கைக் கீழ போடுறேன்.

முதல்ல அந்த 380. கார்டியாலஜியில கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்ட், அதாவது மீட்டிங்ல கொடுக்கிற ஆய்வுச் சுருக்கம், ரொம்ப அதிகம். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் மீட்டிங்ல கொடுக்கிற அப்ஸ்ட்ராக்ட் 'சர்க்குலேஷன்' ஜர்னலோட சப்ளிமென்ட்ல வரும். ஐரோப்பிய கார்டியாலஜி சொசைட்டி மீட்டிங்னா 'ஐரோப்பியன் ஹார்ட் ஜர்னல்' சப்ளிமென்ட்ல வரும். சி.வி.யில ஜர்னல் பேரை மட்டும் பார்த்தா, சர்க்குலேஷன்ல வரிசையா பேப்பர் போட்ட மாதிரி இருக்கும். பக்க எண்ணைப் பாருங்க. சர்க்குலேஷன் அப்ஸ்ட்ராக்ட்டுக்கு 'ஏ' எழுத்துல ஆரம்பிக்கிற ஒரே ஒரு எண்தான் இருக்கும். பக்கம் இதுல இருந்து இது வரைக்கும்னு இருக்காது. இதெல்லாம் பெரும்பாலும் பப்மெட்ல ஏறாது. 380க்கும் 140க்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அநேகமா இதுதான். அப்ஸ்ட்ராக்ட் போடுறது தப்பே இல்லை. ஆனா பத்து வருஷத்துக்கு முன்னால அப்ஸ்ட்ராக்ட்டா வந்து, முழு பேப்பரா வராமலே நின்னுபோனது எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. அது நிறைய இருந்தா, ஆரம்பிச்ச வேலையை அங்க முடிக்கிறதில்லைன்னுதான் நான் எடுத்துப்பேன்.

இப்ப 41, 26. ஸ்கோப்பஸ் தேர்ந்தெடுத்த ஜர்னல், புத்தகம், கான்ஃபரன்ஸ் தொகுப்புகளை மட்டும் எண்ணும். கூகுள் ஸ்காலர் தீசிஸ், ப்ரீப்ரின்ட் (ஜர்னல்ல வர்றதுக்கு முன்னால போடுற பிரதி), புத்தக அத்தியாயம், காலேஜ் வெப்சைட்ல கிடக்கிற பி.டி.எஃப். எல்லாத்தையும் எண்ணும். அதனால கூகுள்ல பெரும்பாலும் கூடுதலாத்தான் வரும். அதோட, கூகுள் ப்ரொஃபைலை நடத்துறது அந்த ஆளேதான். புது பேப்பர் தானா சேரட்டும்னு விட்டுட்டா, அதே பேர் உள்ள வேற யாரோ எழுதினதும் வந்து உக்காந்துக்கும். சைட்டேஷன் எண்ணுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு நட்சத்திரக் குறி இருந்தா, ரெண்டு பேப்பரை ஒண்ணா சேர்த்திருக்காங்க, எல்லா சைட்டேஷனும் அந்த பேப்பருக்கானதா இல்லாமலும் இருக்கலாம்னு அர்த்தம்.

ஸ்கோப்பஸ்ல தப்பு எதிர்ப்பக்கம் நடக்கும், நம்ம ஊர்ப் பேருக்கு இது சகஜம். ச. முருகன்னு ஒருத்தர்னு வைங்க. ஒரு ஜர்னல்ல 'முருகன் எஸ்'னு வரும். இன்னொரு ஜர்னல்ல இனிஷியலை விரிக்கச் சொல்லியிருப்பாங்க, அப்பா பேரு கடைசிப் பேரா ஏறி 'சண்முகம் எம்'னு வரும். ஸ்கோப்பஸ் ரெண்டு பேருன்னு நினைச்சு ரெண்டு ஆத்தர் ஐ.டி. கொடுத்துடும். ஹெச்-இண்டெக்ஸும் ரெண்டா உடைஞ்சு ரெண்டுமே குறைவாத் தெரியும். அதனால ஸ்கோப்பஸ்ல 26ன்னு பார்த்ததும் முடிவு பண்ணாம, அப்பா பேரைப் போட்டும் ஒரு தடவை தேடுங்க. அவருக்கு ஆர்கிட் எண் (ஆராய்ச்சியாளருக்குத் தர்ற தனி அடையாள எண்) இருந்தா, அந்த 16 இலக்க எண்ணை வச்சு சரிபார்க்கிறது சுலபம். 2012ல ஆர்கிட் வந்ததே இந்தப் பேர்க் குழப்பத்துக்காகத்தான்.

ஹெச்-இண்டெக்ஸ்னா என்னன்னு ஒரு கணக்கு போட்டுடுவோம். 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்னது. பேப்பர்களை சைட்டேஷன் அதிகமா இருக்கிறதுல இருந்து கீழ வரிசைப்படுத்துங்க. 412, 96, 41, 22, 15, 9, 8, 6, 3, 0. ஏழாவது பேப்பருக்கு 8 இருக்கு, ஏழுக்குக் குறையலை. எட்டாவதுக்கு 6தான். அப்ப ஹெச்-இண்டெக்ஸ் 7. மொத்த சைட்டேஷன் 612. இப்ப அந்த 412 பேப்பரைத் தூக்கிடுங்க. மொத்தம் 200க்கு விழுந்துடும், ஹெச்-இண்டெக்ஸ் 7ல இருந்து 6 ஆகும், அவ்வளவுதான். ஒரு பெரிய பேப்பரால மொத்த சைட்டேஷன் வீங்கும், ஹெச்-இண்டெக்ஸ் லேசுல வீங்காது. ஆனா ஹெச்-இண்டெக்ஸ் குறையவும் குறையாது. பத்து வருஷமா ஒண்ணுமே எழுதாதவருக்கும் பழைய பேப்பர் பேர்ல ஏறிக்கிட்டே இருக்கும். அதனால முதல் பேப்பர் வந்த வருஷத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும் எத்தனை வருஷமோ, அதால வகுத்துப் பாருங்க. 35 வருஷத்துல 26ங்கிறதும் 12 வருஷத்துல 26ங்கிறதும் ஒண்ணில்லை.

சரி, அந்த 412 மாதிரி பேப்பர் கார்டியாலஜியில எங்க இருந்து வருது? இங்கதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. பெரும்பாலும் கைட்லைன்ல இருந்து, அதாவது ஒரு நோய்க்கு எப்படி சிகிச்சை கொடுக்கணும்னு நிபுணர் கமிட்டி போடுற வழிகாட்டியில இருந்து. 2016ல ஐரோப்பிய சொசைட்டி போட்ட ஹார்ட் ஃபெயிலியர் கைட்லைன் ஆயிரக்கணக்குல சைட் ஆனது. அப்போ ஹார்ட் ஃபெயிலியர் பத்தி எழுதினவங்க பலரும் முதல் பாராவுலயே அதைப் போட்டாங்க. அது 'ஐரோப்பியன் ஹார்ட் ஜர்னல்'லயும் வந்துச்சு, 'ஐரோப்பியன் ஜர்னல் ஆஃப் ஹார்ட் ஃபெயிலியர்'லயும் வந்துச்சு. ஒரே டாக்குமென்ட், ரெண்டு ரெக்கார்டு. அமெரிக்க கைட்லைனும் அப்படித்தான், சர்க்குலேஷன்லயும் ஜே.ஏ.சி.சி.யிலயும் (அமெரிக்கன் காலேஜ் ஆஃப் கார்டியாலஜியோட ஜர்னல்) ஒரே நேரத்துல வரும். மாரடைப்புக்கு நாலாவது யுனிவர்சல் டெஃபினிஷன் 2018ல வந்தப்போ, ஐரோப்பியன் ஹார்ட் ஜர்னல், சர்க்குலேஷன், ஜே.ஏ.சி.சி. மூணுலயுமே வந்துச்சு. கமிட்டியில இருந்த ஒருத்தரோட ஹெச்-இண்டெக்ஸ்ல ஒரே வேலை ரெண்டு தடவை, மூணு தடவை எண்ணப்படும். சர்க்குலேஷன்ல வருஷா வருஷம் வர்ற ஹார்ட் டிசீஸ் அண்ட் ஸ்ட்ரோக் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இன்னொரு உதாரணம். அந்தக் குழுவுல இருந்தா வருஷத்துக்கு ஒரு பெரிய சைட்டேஷன் பேப்பர் நிச்சயம்.

கைட்லைன் கமிட்டியில கூப்பிடுறாங்கன்னா அந்தத் துறையில அவருக்கு மதிப்பு இருக்குன்னுதான் அர்த்தம். ஆனா அது ஆராய்ச்சி இல்லை, மத்தவங்க செஞ்ச ஆராய்ச்சியை எடைபோடுற வேலை. ஒரு பிஎச்.டி. மாணவருக்கு அதால பெருசா பிரயோஜனம் இல்லை. ஸ்கோப்பஸ்ல சைட்டேஷன்படி வரிசைப்படுத்தி, முதல் இருபது பேப்பரை மட்டும் திறந்து, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல குறிச்சுக்கோங்க: கைட்லைன், ரெவ்யூ, பல நாட்டு ட்ரையல் அல்லது ஸ்டடி, சொந்த ஆராய்ச்சி. அரை மணி நேர வேலைதான்.

பல நாட்டு ட்ரையல், ஸ்டடி ரெண்டுலயும் இன்னொரு விஷயம் இருக்கு. 2004ல லான்செட்ல வந்த இன்டர்ஹார்ட் ஸ்டடியை எடுத்துக்கோங்க. 52 நாடு, மாரடைப்பு வந்தவங்க 15,000 பேருக்கு மேல. முதல் ஆத்தர் சலீம் யூசுஃப், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ்ல எம்.பி.பி.எஸ். படிச்சவர், பிறகு கனடா மெக்மாஸ்டர்ல இருந்து அந்த ஸ்டடியை நடத்தினார். பேப்பருக்கு மேல இருக்கிற ஆத்தர் பேரு கொஞ்சம்தான். அந்தந்த நாட்டுல நோயாளிகளைச் சேர்த்தவங்க பேரெல்லாம், கல்யாணப் பத்திரிகை அடியில பொடி எழுத்துல சொந்தக்காரங்க பேரு வர்ற மாதிரி, 'இன்வெஸ்டிகேட்டர்ஸ்'னு தனியா வரும். பப்மெட்ல இப்படிப்பட்டவங்களைப் பல பேப்பருக்கு 'கொலாபரேட்டர்ஸ்'னு காட்டும். உங்க கைடு எந்த லிஸ்ட்ல இருக்கார்னு பாருங்க. கொலாபரேட்டரா இருந்துட்டு சி.வி.யில ஆத்தர்னு போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

பப்மெட்லயே இதைப் பிரிக்கலாம். பேரைப் போட்டு, சதுர அடைப்புக்குறிக்குள்ள '1ஏயூ'ன்னு அந்த மூணு எழுத்தை ஆங்கிலத்துல அடிச்சா, அவர் முதல் ஆத்தரா இருக்கிறது மட்டும் வரும். 'லாஸ்ட்ஏயூ'ன்னு அடிச்சா கடைசி ஆத்தரா இருக்கிறது வரும். கார்டியாலஜியில வழக்கம், முதல் ஆள் வேலையைச் செஞ்சு எழுதினவர், கடைசி ஆள் குழுவை நடத்தினவர். நடுவுல இருக்கிறவங்க பங்கு எக்கோ படிச்சுக் கொடுத்ததாவும் இருக்கலாம், வெறும் மரியாதைக்காகப் போட்ட பேராவும் இருக்கலாம், வெளிய இருந்து பார்த்தா தெரியாது.

இந்த முதல், கடைசி லிஸ்ட்டை பப்மெட்ல இருந்து பி.எம்.ஐ.டி. எண்ணா (பப்மெட்ல ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கிற எண்) சேமிச்சு, அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.ஹெச்.சோட ஐசைட் தளத்துல ஏத்துங்க. இலவசம்தான். ஒவ்வொரு பேப்பருக்கும் ஆர்.சி.ஆர்.னு ஒரு எண் கொடுக்கும். அதே துறையில, அதே காலத்துல வந்த என்.ஐ.ஹெச். பணத்துல நடந்த பேப்பர்களோட மீடியன், அதாவது வரிசையில நடுவுல வர்ற எண், 1.0. பிறவி இதயக் குறைபாட்டுல வேலை செய்றவரை ஹார்ட் ஃபெயிலியர்காரரோட வெறும் சைட்டேஷனை வச்சு ஒப்பிட்டா அநியாயம், ஏன்னா அந்தத் துறையில எழுதுறவங்களே குறைவு. ஆர்.சி.ஆர். அதைச் சரிகட்டும். சராசரியைப் பார்க்காம மீடியனைப் பாருங்க. போன வருஷம், அதுக்கு முந்தின வருஷப் பேப்பருக்கு வர்ற எண்ணை இப்போதைக்கு விட்டுடுங்க.

ரிட்ராக்ஷனையும், அதாவது வெளியான பேப்பரைத் திரும்பப் பெற்றதையும், ஒரு தடவை தேடிடுங்க. சைட்டேஷன் எண்ணுக்கு நல்லது கெட்டது தெரியாது, திட்டி எழுதினாலும் ஒரு சைட்டேஷன்தான். 2020ல சர்ஜிஸ்ஃபியர் கம்பெனி டேட்டாவை வச்சு லான்செட்ல ஒண்ணு, நியூ இங்கிலாந்து ஜர்னல்ல ஒண்ணு வந்து, ரெண்டுமே ஜூன் 4ஆம் தேதி ரிட்ராக்ட் ஆச்சு. அதுக்கப்புறமும் அதை சைட் பண்ணிக்கிட்டுதான் இருந்தாங்க. இதய ஸ்டெம் செல் ஆராய்ச்சியில பியரோ அன்வெர்சா குழுவோட 31 பேப்பரை ரிட்ராக்ட் பண்ணணும்னு ஹார்வர்டும் பிரிகாம் ஹாஸ்பிடலும் 2018ல சொன்னாங்க. அது வரைக்கும் அந்தத் துறையில ரொம்ப சைட் ஆன குழுக்கள்ல அது ஒண்ணு. ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸ் இப்ப கிராஸ்ரெஃப் கையில இருக்கு, யார் வேணா தேடலாம்.

அதிகம் சைட் ஆன விஞ்ஞானிகள் பேர் வர்ற அந்த 'ஸ்டான்ஃபோர்டு 2 சதவீத' லிஸ்ட்ல அவர் இருக்காரான்னு பார்க்கணுமான்னும் கேட்டிருக்கீங்க. அது ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டி கொடுக்கிற விருது இல்லை. அங்க இருக்கிற அயோனிடிஸும் அவர் கூட்டாளிகளும் ஸ்கோப்பஸ் டேட்டாவுல போடுற கணக்கு. ஆனா அதுல ஒரு நல்லது உண்டு. ஆத்தர் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி குறைச்ச ஹெச்-இண்டெக்ஸும், முதல், கடைசி ஆத்தரா வாங்கின சைட்டேஷனும் தனியா இருக்கும். சுய சைட்டேஷனைக் கழிச்ச எண்ணும் இருக்கும். ராங்கை விட்டுட்டு அந்தக் கட்டங்களைப் படிங்க.

கைடைத் தேடுறீங்கன்றதால கடைசியா ஒண்ணு. கடந்த அஞ்சு வருஷத்துல அவர் கடைசி ஆத்தரா இருக்கிற பேப்பரை எடுங்க. அதுல முதல் ஆத்தர் யாரு? அவர்கிட்ட பிஎச்.டி., டி.எம். படிச்சவங்களா? ஒரு மாணவர் பேரு படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சும் முதல் இடத்துல வருதா? இல்லை, எல்லாத்துலயும் ஒரே கன்சல்டன்ட்தான் முதல் ஆத்தரா, மாணவர் பேரு நாலாவது, அஞ்சாவதா கிடக்குதா? ரெண்டாவது மாதிரி இருந்தா, 41ஆ 26ஆன்னு யோசிக்காதீங்க, வேற ஆளைப் பாருங்க.