டோக்ரா சிலைகளில் அந்த நூல் வரிகள் எப்படி வருகின்றன?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பஸ்தர் டோக்ரா யானையின் உடம்பு முழுக்க நூல் சுற்றியது போல வரிகள் இருக்கின்றனவே, உளியால் செதுக்குகிறார்களா? ஒரே அச்சில் நூறு யானைகளை வார்த்தால் விலை குறையாதா?"

டோக்ரா என்பது மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பித்தளை வார்க்கும் கைவினை. இதில் வரிகளைச் செதுக்குவதே இல்லை. அந்த வரிகள் உண்மையிலேயே நூல்தான், மெழுகு நூல்!

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், கொண்டகாவ்ன் பக்கம் வாழும் கட்வா சமூகக் கைவினைஞர்கள் முதலில் களிமண்ணோடு உமி கலந்து பிசைந்து, யானையை உருப்பிடித்துக் காயவைக்கிறார்கள். பிறகு தேன்மெழுகில் பிசின் சேர்த்துக் காய்ச்சிப் பிழிகிறார்கள். பிழியும் கருவியைப் பார்த்தால் நம் வீட்டு முறுக்கு உழக்கு நினைவுக்கு வரும். அடியில் துளைத் தகடு, மேலிருந்து அமுக்கினால் மெழுகு நூல் நூலாக இறங்கும். அதை மண் யானையின் மேல் இழையோடு இழை ஒட்டச் சுற்றுகிறார்கள். கண்ணுக்கு ஒரு சின்னச் சுருள், காதுக்கு ஒரு வளைவு, எல்லாம் விரல் நுனியில். நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கத் தயார்.

அதன்மேல் முதலில் நைசான மண்ணைப் பூசுகிறார்கள். இழைகளின் ஒவ்வொரு இடுக்கிலும் அது இறங்கிப் பதிந்தால்தான் வரி விழும். பிறகு கனமான மண் பூச்சு. இந்த மண் உறைதான் அச்சு. சூளையில் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் பித்தளை நிரம்பும். பழைய முறை ஒன்று உண்டு: பித்தளைத் துண்டுகளை வைத்த மண் குடுவையை அச்சின் வாயிலேயே சேர்த்து மூடிவிடுவார்கள். சூட்டில் உருகியதும் அப்படியே தலைகீழாகத் திருப்பினால் உலோகம் உள்ளே இறங்கிவிடும்.

இனி விலைக்கு வருகிறேன். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். மெழுகும் போய்விட்டது, அச்சும் போய்விட்டது. அடுத்த யானைக்கு மறுபடி மண், மறுபடி நூல். ஒன்றைப் போல இன்னொன்று அச்சு அசலாக வராது. அதனால் பேரம் பேசும்போது ஒவ்வொரு யானைக்கும் ஆகும் நாட்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்பேன். தெலங்கானாவின் ஆதிலாபாத் டோக்ராவிலும் இதே பாடுதான். 2018இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் சுவாமிமலைச் சிலைகள் பெரும்பாலும் உள்ளேயும் கெட்டி உலோகம். டோக்ராவில் உள்ளே அந்த மண் உருவமே பல நேரம் தங்கிவிடும். வாங்கிய யானையின் அடிவயிற்றில் கருகிய மண் தெரிந்தால், பழுதான பொருள் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.